ஆள் மாற்றாமல் நகராதவர்

யாரையும் எடுத்த எடுப்பில் நம்பக் கூடாது என்பதை எனக்குச் சம்பளம் கொடுத்துச் சொல்லித் தந்தார்கள். இன்சூரன்ஸ் ஆபீசில் க்ளெய்ம் பிரிவில் இருந்தேன். தீப்பிடித்த கடை, காணாமல் போன லாரி, மாடியிலிருந்து விழுந்த மனிதர் என்று எது மேஜைக்கு வந்தாலும், இது நிஜமாகவே நடந்ததா என்று கேட்பதுதான் என் வேலை. ரிட்டயர் ஆனதும் வேலை போனது, அந்தக் கேள்வி போகவில்லை. காய்கறிக்காரர் ‘இன்னிக்குப் பறிச்சதுங்க’ என்றால் காம்பைத் திருப்பிப் பார்ப்பேன். சென்னையிலிருந்து என் மகன் ‘ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் கூப்பிட்டேன்’ என்றால் அன்றைக்கு முழுவதும் யோசித்துக்கொண்டிருப்பேன்.

இப்படிப்பட்டவளைத் தர்ம காரியத்தில் சேர்த்துக்கொண்டது எங்கள் சர்ச் பங்கு ஆட்களின் துணிச்சல். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் நாங்கள் ஐந்தாறு பேர் இட்லியும் பொங்கலும் பொட்டலம் கட்டி, ஒருவர் காரில் ஏற்றிக்கொண்டு, காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போவோம். அம்மா மண்டபம் படித்துறைக்குப் போகிற ரோட்டில் பிளாட்பாரமே வீடாக இருப்பவர்கள் நிறையப் பேர். பாலத்துக்கு இந்தப் பக்கமே ஆள் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு குழுக்கள் கொடுத்துக்கொண்டிருந்தன, அதனால் நாங்கள் அந்தப் பக்கம் போனோம்.

அங்கே போய்ப் பார்த்தால் என்னைவிடச் சந்தேகப் பிராணிகள் இருந்தார்கள். பூஜைச் சாமான் கடைக்காரர் முதல் வாரமே காரின் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “புஸ்தகம் கிஸ்தகம் ஏதும் குடுக்கறீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றோம். நம்பவில்லை. அதனால் எங்களுக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். ஜெபமாலை வெளியே தெரியக் கூடாது, ‘ஆண்டவர் ஆசீர்வதிப்பார்’ என்று வாய்தவறிக்கூடச் சொல்லக் கூடாது, பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வந்துவிட வேண்டும். சாப்பிடுகிறவர்களும் சும்மா இல்லை. ஒரு கிழவி எங்கள் இட்லியில் முதல் விள்ளலைப் பக்கத்தில் படுத்திருக்கும் நாய்க்குப் போடுவார். கொஞ்ச நேரம் நாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். அது வாலை ஆட்டினால்தான் மீதியைத் தொடுவார். மற்றவர்களுக்கு வருத்தமாக இருந்தது. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

எனக்குப் பிடிக்காமல் இருந்தவர் வேறொருவர். எப்போதும் மூடியே கிடக்கும் ஒரு கடையின் ஷட்டருக்கு முன்னால் பாயை விரித்து உட்கார்ந்திருப்பார். எழுபதை நெருங்கும் வயது. முதுகு கோணாது. பொட்டலத்தை வாங்கும்போது எல்லோரும் கையை நீட்டினால், இவர் மட்டும் நாம் குனிந்து கொடுக்கும் வரை காத்திருப்பார். ‘நீங்க எந்த ஊருங்க’ என்று எங்களில் ஒருவர் கேட்டதற்கு, “லால்குடிப் பக்கம். நான் மிலிட்டரிங்க,” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மிலிட்டரி என்றால் பென்ஷன் உண்டு, கேன்டீன் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு. அதெல்லாம் இருக்கிறவர் ஏன் பிளாட்பாரத்தில் இருக்கிறார்? கூட வந்தவர்கள் உருகிப்போய் ‘ஐயோ பாவம், நாட்டைக் காத்தவர்’ என்று அவருக்கு இன்னொரு பொட்டலம் கொடுத்தார்கள். நான் அவர் தாடியைப் பார்த்தேன், செருப்பைப் பார்த்தேன். அனுதாபத்துக்காக ஆட்கள் என்னென்ன சொல்லுவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து வந்தவர். அவரை அடுத்த ஞாயிறு கையோடு அழைத்துக்கொண்டு போனேன். போலியென்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்டளை. அண்ணன் அந்தப் பெரியவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுகம் விசாரிக்காமல், “நம்பர் சொல்லு,” என்றார். பெரியவர் வாயில் இருந்த பொங்கலை விழுங்கிவிட்டு ஒரு நீள நம்பரைக் கடகடவென்று சொன்னார். அதற்கப்புறம் இரண்டு பேரும் ஹிந்தியில் பேசிக்கொண்டார்கள். நடுவில் ஒருமுறை அண்ணன் சிரித்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அண்ணன் சொன்னார்: “ஆள் அசல் பட்டாளத்துக்காரன்மா. பட்டாளத்துல குடுத்த நம்பரைச் செத்தாலும் மறக்க மாட்டோம்.”

“நம்பரை மனப்பாடம் பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?”

“நம்பரை மட்டும் வச்சா சொல்றேன்? இருந்த எடம், மேல இருந்த ஆபீசர், எல்லாம் சரியா சொல்றான். பென்ஷனுக்கு உண்டான சர்வீஸும் இருக்கு. மாசாமாசம் பேங்க்ல விழுந்துகிட்டுதான் இருக்கும்.”

“விழறதை யாரு எடுக்கறாங்க?”

“அதைக் கேட்டேன். ஆகாசத்தைப் பாக்குறான்.”

அப்படியானால் விஷயம் இன்னும் மோசம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்து, வேண்டாத ஒரு டீயைக் குடித்துக்கொண்டே விசாரித்தேன். டீக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். “வருஷத்துக்கு ஒருவாட்டி ஒரு ஆள் பைக்ல வருவாங்க. ஹெல்மெட்டைக்கூட கழட்ட மாட்டான். பெரியவரை ஏத்திக்கிட்டுப் போவான். மத்தியானத்துக்குள்ள திரும்பக் கொண்டாந்து இறக்கிட்டுப் போயிருவான். மழைக்காலத்துலதான் வருவான்.”

இதற்குப் பின்னால் ஒரு கும்பல் இருக்கிறது, இந்தக் கிழவரை இங்கே உட்கார வைத்திருப்பதே அவர்கள்தான் என்று ஒரு முழுக் கதையைக் கட்டிவிட்டேன். மகனிடம் போனில் சொன்னேன். “அம்மா, நீ இட்லி மட்டும் குடுத்துட்டு வா,” என்றான்.

ஐப்பசி பிறந்தது. துலா மாசக் குளியலுக்குக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. மழையும் விடாமல் பெய்தது. பெரியவரின் வலது காலில் ஏதோ தகரம் கிழித்திருந்தது. துணியைச் சுற்றி வைத்திருந்தார். எங்கள் குழுவில் ரிட்டயர் ஆன நர்ஸ் ஒருத்தி உண்டு. அவள் துணியைப் பிரித்துப் பார்த்தாள். விரல்கள் கறுத்திருந்தன. வாடை தாங்கவில்லை. என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போய், “சுகர் நெறைய இருக்கும் போலக்கா. இன்னிக்கே அட்மிட் பண்ணாத்தான் கால் மிஞ்சும். விட்டா முழங்காலுக்குக் கீழ எடுத்துருவாங்க. அதுக்கும் மேல விட்டா ஆளே இருக்க மாட்டாரு,” என்றாள்.

பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம், கூட நான் இருக்கிறேன், ஆட்டோ வந்தாயிற்று என்று நர்ஸ் அவரிடம் சொன்னாள். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

“இந்த மாசம் நகர முடியாதுங்க.”

“அடுத்த மாசம் உங்களுக்குக் கால் இருக்காது.”

“பரவால்லீங்க. ஒருத்தர் என்னைத் தேடி வருவாரு. நான் எடத்துல இல்லேன்னா போயிருவாரு.”

யார் என்று கேட்டேன். ஆகாசத்தைப் பார்த்தார். என் பக்கத்திலிருந்தவர்கள் கெஞ்சினார்கள். ஒருவர் அதட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: “ஆள் மாத்தாம போஸ்ட்டை விட்டு நகரக் கூடாதுங்க. யாராவது என் எடத்துல உக்காருங்க, நான் போறேன்.”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாங்கில் மேனேஜராக இருந்தவர் வாட்ச்சைப் பார்த்தார். பெரியவர் என் பக்கம் விரலை நீட்டினார். “இந்த அம்மா உக்காந்தா போறேன். இவங்கதான் யாரையும் லேசுல விட மாட்டாங்க.”

எனக்கு இரக்கம் வந்து ஒப்புக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் அந்த ஹெல்மெட்காரனைக் கையும் களவுமாகப் பிடிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்றுதான் சரி என்றேன். பெரியவர் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, பொறுப்பை ஒப்படைத்தார். “இது பாய். இது பை, யாரும் தொடக் கூடாது. தண்ணி அந்தக் குழாய்ல வரும். அவரு வந்தா ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க. ஆனா பயப்படற மாதிரி சொல்லிராதீங்க.” நான் பாயில் உட்கார்ந்த பிறகுதான் ஆட்டோவில் ஏறினார்.

கீழே உட்கார்ந்தால் ரோடு வேறாகத் தெரிகிறது. முகம் தெரிவதில்லை. ஈரப் புடவையின் கரையும் வேட்டி நுனியும் கால்களும் போய்க்கொண்டே இருக்கின்றன. கால்கள் என்னருகே வந்ததும் கொஞ்சம் விலகி வளைந்து போயின. பட்டுக்கரைப் பருத்திப் புடவை கட்டி, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு பொம்பளை பிளாட்பாரத்தில் ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவர்களுக்கும் குழப்பம்தான். குளித்துவிட்டு வந்த ஒரு மாமி நின்றார். என் மடியில் இரண்டு வாழைப்பழத்தை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

“பாத்தா படிச்சவா மாதிரி இருக்கேளே. யாரு கொண்டுவந்து விட்டா? பிள்ளையா, மாட்டுப்பொண்ணா?”

“யாரும் விடலைங்க. நானாத்தான் வந்தேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவா,” என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான் பென்ஷன் வாங்குகிறேன், எனக்குச் சொந்த வீடு இருக்கிறது, என் மகன் தங்கமானவன் என்றெல்லாம் அந்த ஈரப் புடவையின் பின்னால் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொன்னாலும் அவர் நம்பியிருக்க மாட்டார். நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். நாய்க்கு இட்லி போடும் கிழவி எதிர்ச் சுவரிலிருந்து என்னையே கவனித்துக்கொண்டிருந்தார். வாழைப்பழத்தை நீட்டினேன். வாங்கி, உரித்து, முதல் விள்ளலை நாய்க்குத்தான் போட்டார்.

இருட்டுவதற்கு முன்பு நர்ஸ் போன் செய்தாள். பெரியவரை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். விரல்களை எடுக்க வேண்டும், பாதம் பிழைக்கலாம். “எடத்துல யாரு இருக்காங்கன்னு டாக்டர்கிட்டயே கேக்குறாருக்கா. நீங்க எழுந்துட்டீங்கன்னு தெரிஞ்சா எறங்கி வந்துருவாரு போல.” எழுந்திருக்க முடியவில்லை. ராத்திரிக்குப் பக்கத்துப் பூக்கட்டும் அம்மாவைப் படுக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்தேன். அதற்கு அடுத்த நாளும் வந்தேன். பூஜைச் சாமான் கடைக்காரர் என்னைப் பார்ப்பதும் போனில் யாரிடமோ பேசுவதுமாக இருந்தார்.

அந்த வாரத்தின் நடுவில் பைக் வந்தது. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. எஞ்சினை நிறுத்தாமல், காலை மட்டும் ஊன்றி, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அந்த ஆள் பாயைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

“இங்க ஒரு பெரியவர் இருப்பாரே?”

“நீங்க யாரு?”

“தெரிஞ்சவங்க.”

“எப்படித் தெரியும்?”

அவன் கியரைப் போட்டான். நான் எழுந்து வண்டிக்கு முன்னால் நின்றேன். அறுபது தாண்டிய உடம்பில் அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. பெரியவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், காலில் ஆபரேஷன் நடந்திருக்கிறது என்றேன். அவர் சொல்லியிருந்தபடி அவன் பயப்படாத மாதிரிச் சொல்ல மறந்துபோனது. அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். நாற்பது வயது இருக்கும். டீக்கடைக்காரர் சொன்னதை வைத்து முரட்டு ஆளாக எதிர்பார்த்தேன். தலை வாரி, திருநீறு வைத்து, எந்த ஆபீசிலும் கவுன்டருக்குப் பின்னால் இருக்கக்கூடிய முகம்.

அவன் கேட்ட முதல் கேள்வி: “கைக்கு ஒண்ணும் இல்லையே?”

எனக்குப் புரியவில்லை. கால் என்று திரும்பச் சொன்னேன்.

“கால் சரிங்க. கைவிரல் நல்லா இருக்குல்ல? இந்த மாசத்துக்குள்ள ரேகை வைக்கணும்.”

அப்போது எனக்கு விளங்கிவிட்டது. நானும் பென்ஷன்காரிதான். நவம்பர் வந்தால் நான் இன்னும் சாகவில்லை என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். போன வாரம்தான் நானே வைத்துவிட்டு வந்தேன். மாசாமாசம் பணத்தை எடுக்க இவன் கையில் ஏ.டி.எம். கார்டு இருந்தால் போதும். வருஷத்தில் ஒரு நாள் மட்டும் ஆளே வேண்டும். நான் கட்டிய கதையில் கும்பல் இல்லை என்பதைத் தவிர மற்றதெல்லாம் சரியாக இருந்தது.

“அவருக்கு நீங்க என்ன வேணும்?” என்று மறுபடியும் கேட்டேன்.

ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “பையன்,” என்றான். பிறகு நான் கேட்காமலே கொட்டினான். “நாங்க யாரும் அவரைத் தொரத்தலைங்க. அவராத்தான் கிளம்பி வந்தாரு. குடிச்சிட்டு என் பொண்டாட்டிகிட்ட சண்டை. எத்தனை வருஷம் தாங்குறது? உங்களுக்கு என்ன தெரியும்?”

எல்லாரும் அப்படித்தான் சொல்லுவார்கள் என்று மாமியின் குரலில் சொல்ல நினைத்தேன். ஆனால் அவன் கண் கலங்கியிருந்தது. நிஜமா நடிப்பா என்று எவ்வளவு உற்றுப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. வார்டு எங்கே என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் அண்ணனையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பூக்கட்டும் அம்மா பாயில் இருந்தார். பெரியவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலில் பெரிய கட்டு. முகம் தெளிந்திருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

“பையன் வந்தான்மா. செல்போன்ல ஒரு சின்ன மிஷினை மாட்டி இங்கயே ரேகை எடுத்துக்கிட்டான். இட்லி வாங்கிட்டு வந்தான். கொஞ்ச நேரம் உக்காந்திருந்தான். போன வருஷம் வண்டியை விட்டே எறங்கலீங்க.”

இவருக்குத் தெரியாமல் ஏமாற்றுகிறான் என்று அதுவரை நான் நினைத்திருந்தேன். அண்ணன் வரும் வழியெல்லாம் திட்டம் போட்டு வைத்திருந்தார். பெரியவரிடம் நிதானமாகச் சொன்னார்: “கேளுப்பா. பேங்க்ல நான் பேசுறேன். பழைய கார்டை நிறுத்திட்டு உன் கைக்குப் புதுசு வாங்கிரலாம். மிலிட்டரி ஆஸ்பத்திரி கார்டும் எடுத்துரலாம். திருவானைக்காவல்ல ஒரு ரூம் பாத்து வச்சிருக்கேன். சாப்பாட்டுக்கு மெஸ் இருக்கு. வருஷா வருஷம் ரேகை வைக்க நானே கூட்டிட்டுப் போறேன். நீ ரோட்டுல கெடக்க வேண்டியதே இல்ல.”

பெரியவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். “நல்லதுதாங்க,” என்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. நாளைக்கே பேங்குக்குப் போகலாமா என்றேன்.

“வேணாம்மா.”

“ஏன்? அது உங்க காசுங்க!” என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“தெரியுங்க,” என்றார். போர்வையை இழுத்துக் கட்டுப் போட்ட காலை மூடிக்கொண்டார். யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தி, “நீங்களே ரேகை வைக்கக் கூட்டிட்டுப் போயிட்டா, அப்புறம் அவன் எதுக்குங்க வருவான்?” என்று கேட்டார்.

அண்ணன் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். நான் அந்தக் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.